காலை ஐந்து மணிக்கு மட்டும் முரண்டு பிடிக்கும் வண்டி

கார்புரேட்டர் வைத்த பழைய பைக் வைத்திருப்பவர்கள் மார்கழி வந்தால் ஒரே புகாரைத்தான் பாடுகிறார்கள். காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது. ஒரு வழியாக ஸ்டார்ட் ஆனாலும் காசநோய்க்காரர் மாதிரி இருமுகிறது. சோக்கை எடுத்தால் அணைந்து போகிறது. சரி என்று பத்து மணிக்கு மெக்கானிக் கடைக்கு ஓட்டிப் போனால், அங்கே அரை உதையில் ஸ்டார்ட் ஆகி நல்ல பிள்ளையாக நிற்கிறது! மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பார். "நல்லாத்தானண்ணே இருக்கு" என்பார். வந்தவர் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிட்டு "இப்ப பாருங்க" என்பார். மறுநாள் காலை மறுபடியும் அதே கூத்து.

இதில் மெக்கானிக்கைத் திட்டுவதுதான் வழக்கம். அது நியாயமில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது சூடான இன்ஜின். நோய் இருந்தது குளிர்ந்த இன்ஜினில், வீட்டு வாசலில், விடிகாலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒரே சாட்சி வண்டிக்காரர். அந்தச் சாட்சியோ, கோபத்தில் உதைத்ததைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை. பழைய பைக்குகளின் காலைத் தகராறு வருஷக்கணக்கில் தீராமல் இருப்பதற்கு வண்டியின் வயசை விட இதுதான் பெரிய காரணம். தகராறு நடக்கிற நேரத்தில் வண்டியை யாருமே பார்ப்பதில்லை.

வடக்கனந்தல் மாதிரி ஊரில் இது சின்ன விஷயமில்லை. கல்வராயன் மலையின் அடிவாரம். பக்கத்தில் கோமுகி அணை. ஒட்டினாற்போல் கச்சிராயபாளையம், அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மார்கழி, தை மாதங்களில் மலைப்பக்கம் இருந்து இறங்கும் பனியில் இரவெல்லாம் வாசலில் நிற்கும் வண்டியின் சீட்டைத் துணி போட்டுத் துடைத்தால் துணியைப் பிழியலாம். பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கும், கரும்பு வெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவருக்கும், கள்ளக்குறிச்சிக்குப் போய் முதல் பஸ் பிடிக்கிற மாணவனுக்கும் வண்டி தேவைப்படுவது சரியாக அந்த நேரத்தில்தான். பத்து மணிக்கு அது எவ்வளவு அழகாக ஓடினால் என்ன? பால் திரிந்த பிறகு அடுப்பை அணைத்த கதைதான்.

இவர்களிடம் இருப்பது பெரும்பாலும் 2020க்கு முந்தைய வண்டிகள். அந்த வருஷம் ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதோடு பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டுவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டேங்கில் இன்னும் "ஹீரோ ஹோண்டா" என்று பெயர் இருக்கும் ஸ்பிளெண்டர்கள் இந்தப் பக்கம் சகஜம். 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்து, 2011ல் கம்பெனியின் பெயரே மாறிவிட்டது. ஆக அந்த வண்டிகள் எல்லாம் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் வயசைத் தொட்டுவிட்டன அல்லது தாண்டிவிட்டன.

ஸ்பிளெண்டருக்கு அண்ணன் சி.டி.100. 1985ல் வந்தது. பெட்ரோல் ஊற்று, மூடு, மறந்துவிடு என்று சொன்ன அதன் விளம்பரம் இந்தியா முழுக்கப் பிரபலம். விளம்பரம் சொன்னது மைலேஜைப் பற்றி. ஜனங்கள் எடுத்துக்கொண்டது கடைசிச் சொல்லை மட்டும். ஏர் ஃபில்டரை மறந்தார்கள், டேப்பெட்டை மறந்தார்கள், ப்ளக்கை மறந்தார்கள். அப்படியும் அந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பது ஜப்பான்காரன் செய்த புண்ணியம் :)

சரி, விஷயத்துக்கு வரலாம். குளிர்ந்த இன்ஜினுக்கு என்னதான் கஷ்டம்? பெட்ரோல் திரவமாக இருக்கும்போது சரியாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. குளிரில் கார்புரேட்டர் சரியான அளவு பெட்ரோலைக் கொடுத்தாலும் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல், போகிற வழியில் குழாயின் சுவரில் வேர்வை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் போய்ச் சேருவது காற்று அதிகம், பெட்ரோல் ஆவி கம்மி. இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மத்தியானம் 35 டிகிரியில் இருக்கும் காற்றை விட விடிகாலை 20 டிகிரி காற்று சுமார் 5 சதவீதம் கனம். மத்தியான வெயிலில் வைத்து "டியூனிங்" செய்த வண்டி, விடிகாலையில் அதே அளவுகளோடு இன்னும் கொஞ்சம் பட்டினி கிடக்கிறது. இந்தப் பட்டினியைத் தற்காலிகமாகச் சரிக்கட்டத்தான் சோக்.

புது வண்டிகளில் இன்ஜினின் சூட்டை ஒரு சென்சார் அளந்து, எவ்வளவு பெட்ரோல் கூடுதலாகப் பீச்ச வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அந்த சென்சார் வேலையை வண்டிக்காரர்தான் பார்க்க வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் அதிகம். சோக் போடுவதைச் சிலர் வண்டிக்கே அவமானம் என்று நினைக்கிறார்கள். "நம்ம வண்டிக்கு சோக்கே தேவையில்ல" என்று டீக்கடையில் பெருமை வேறு. உண்மையில் அது பெருமையில்லை. மார்கழிக் குளிரில் ஒரு கார்புரேட்டர் வண்டி சோக் இல்லாமல் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனால், அது எப்போதுமே தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், மிதவையின் அளவு ஏறியிருக்கலாம். பெருமைப்பட்டவர் மைலேஜைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெருமை இறங்கிவிடும்.

சோக்கிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, காற்று போகும் வாயை ஒரு தகடு வந்து அடைப்பது. இன்னொன்று, தனியாக ஒரு சின்ன வழியைத் திறந்து கூடுதல் பெட்ரோலை இழுப்பது. ஆர்.எக்ஸ்.100ல் இருந்த மிக்குனி கார்புரேட்டர் இந்த இரண்டாவது ஜாதி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மூடி வைத்திருந்தால்தான் உறிஞ்சும் வேகம் அந்தச் சின்ன வழிக்குக் கிடைக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே உதைத்தால் சோக் போட்டும் போடாத கணக்குதான். பத்து உதை உதைத்துவிட்டு "சோக் வேலை செய்யல" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உதைத்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இனி அந்தச் சாட்சி சொல்ல வேண்டிய விஷயங்கள். இதற்கு ஸ்பேனர் கூட வேண்டாம், பொறுமையாக ஐந்து நிமிஷம் இருந்தால் போதும்.

முதலில் பெட்ரோல் டேப். சிலர் ராத்திரி மூடிவிட்டுக் காலையில் திறக்க மறந்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருந்ததில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் தெருமுனையில் நிற்பார்கள். சிரிக்க வேண்டாம், இது எல்லா ஊரிலும் நடப்பது. டேப்பைத் திறந்து அரை நிமிஷம் விட்டால் கிண்ணம் நிறையும். பிறகு சோக் போட்டு, கையைச் சும்மா வைத்து, நாலைந்து முறை உதைக்கலாம். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இருபதாவது உதைக்குப் போகாமல் அங்கேயே நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ப்ளக்கின் முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் பலவீனம், அல்லது சோக் போட்டு உதைத்தே வண்டியை மூழ்கடித்தாகிவிட்டது. காய்ந்ததா ஈரமா என்ற இந்த ஒரே கேள்வியில் பாதிச் சந்தேகம் அடிபட்டுப் போகும். மூழ்கிய வண்டிக்கு வைத்தியம் நேர் எதிரானது. டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். ப்ளக் பழசாக இருந்தால் மாற்றிவிடுவதே மேல். ஒரு ப்ளக்கும் ஒரு பிரியாணியும் ஏறத்தாழ ஒரே விலைதான். அப்படியே ப்ளக் கேப்பையும் பார்த்துவிடலாம். வெடித்துப் போன ரப்பருக்குள் பனி ஈரம் இறங்கினால் மின்சாரம் ப்ளக்குக்குப் போகாமல் வேறு வழியில் கசிந்துவிடும். வெயில் ஏறினதும் ஈரம் காய்ந்துவிடும், பத்து மணிக்கு மெக்கானிக் கண்ணுக்கு அதுவும் தெரியாது.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சோக்கை எடுத்தால் அணைகிறது என்றால் கதை வேறு. நல்ல நிலையில் இருக்கும் வண்டி இந்த ஊர்க் குளிருக்கு ஒன்றிரண்டு நிமிஷத்தில் சோக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பத்து நிமிஷம் ஆகியும் சோக் இல்லாமல் நிற்கவில்லை என்றால், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கிற பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டி ஓடும்போது அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் அடைத்துக்கொண்டு இன்ஜின் சத்தம் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிற வீரர்களும் உண்டு. தீக்காயத்துக்கு மருந்து வாங்குகிற செலவையும் அவர்கள் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பைலட் ஜெட் விஷயம்தான் கொடுமை. அதன் ஓட்டை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. வண்டி சில வாரம் நின்றுபோனால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, முதலில் அடைவது அந்த ஓட்டைதான். பாதி அடைத்த ஜெட்டோடு சூடான இன்ஜின் ஓடிவிடும், ஏனென்றால் சூட்டில் வருகிற பெட்ரோல் முழுசும் ஆவியாகிறது. குளிர்ந்த இன்ஜின்தான் மாட்டிக்கொள்ளும். இதைச் சுத்தம் செய்கிறேன் என்று கடைகளில் இரும்புக் கம்பியை விட்டுக் குடைகிறார்கள். ஜெட் செய்திருப்பது பித்தளையில். இரும்பு குடைந்தால் ஓட்டை பெரிதாகும். அதற்கப்புறம் அந்த வண்டி கறுப்புப் புகையோடு பெட்ரோல் குடிக்கும், "பழைய வண்டி, மைலேஜ் வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். அதிலும் போகாத அடைப்பு என்றால் புது ஜெட் போடுவதுதான் மலிவு.

ஆனால் நடப்பது என்ன? ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றிவிடுகிறார்கள். பி.காம். படிக்கிற யாருக்கும் இந்த வேலை பார்த்த மாதிரி இருக்கும். ஒரு தலைப்பில் வருகிற நஷ்டத்தை இன்னொரு தலைப்பில் எழுதி மறைப்பது. காலையில் அணையாமல் இருப்பதற்காக ஏற்றிய ஸ்லோ, நாள் முழுக்க சிக்னலிலும் கடைவாசலிலும் பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்கும். கியர் போடும்போது "டக்" என்று இடிக்கும். ஜெட் சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடித்த காசைப் பெட்ரோல் பங்க்கில் தவணையில் கட்டுகிறார் வண்டிக்காரர், ரசீது இல்லாமல். இன்னும் மோசமான வழி, பழைய ஒரிஜினல் கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் பெயர் தெரியாத ஒன்றைப் போடுவது. சின்ன அடைப்புக்கு முழு உறுப்பையே மாற்றுகிற ஆபரேஷன் அது.

டேப்பெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது யாரும் சந்தேகப்படாத ஆசாமி. வால்வுக்கும் அதை அமுக்குகிற பாகத்துக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். அது அதிகமானால் "டக டக" என்று சத்தம் வரும், உடனே எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். ஆனால் வருஷங்கள் போகப் போக வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்கி, இடைவெளி குறைந்து போவதும் உண்டு. அப்போது சத்தம் வராது. வண்டி முன்னை விட அமைதியாக இருக்கும், சொந்தக்காரருக்குச் சந்தோஷம். வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது என்பது அவருக்குத் தெரியாது. அலுமினிய இன்ஜின் சூடாகும்போது விரிந்து கொஞ்சம் இடைவெளி கிடைத்துவிடுவதால், இந்தக் கோளாறும் காலையில் மட்டும் காட்டிவிட்டு மத்தியானம் ஒளிந்துகொள்ளும். டேப்பெட்டைப் பார்க்க வேண்டியது இன்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்கும்போது. கடைக்கு ஓட்டி வந்த சூட்டோடு பார்த்து "சரியா இருக்கு" என்று மூடினால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

இப்போது எல்லோரும் ஒரே குற்றவாளியைக் காட்டுகிறார்கள்: எத்தனால். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2022ல் எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, 2025ல் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். எரிய வேண்டிய காற்றோ ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 9 கிலோதான். அதாவது, பழைய பெட்ரோலுக்காக அளவெடுத்த ஜெட் வழியாக இந்தக் கலவை போகும்போது, இன்ஜினுக்கு அது இன்னும் நீர்த்த சாப்பாடு. குளிரில் ஏற்கெனவே பட்டினி, அதில் இது வேறு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். முழு எத்தனாலில் கார் ஓட்டிய பிரேசில் இதை முன்னமே அனுபவித்துவிட்டது. 1979ல் அங்கே எத்தனால் கார்கள் வந்தபோது, குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே தனியாக ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வைத்தார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வதும் சோம்பேறித்தனம்தான். 2023க்கு முன்னாலும் இந்த வண்டிகள் காலையில் இருமிக்கொண்டுதான் இருந்தன. பழைய முறையில் வடிவமைத்த இருசக்கர வண்டிகளில் 20 சதவீதக் கலவையால் 3 முதல் 4 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இருபது உதைக்கும் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் கதையை அந்த 4 சதவீதம் மட்டும் விளக்கிவிடாது. எத்தனால் செய்வது, பாதி அடைத்த ஜெட்டையும் இறுகிய டேப்பெட்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வருவது. கரும்பு விளைகிற ஊரில் கரும்புக்குக் கூடுதலாக ஒரு சந்தை வருவது விவசாயிக்கு நல்லது. அந்த விவசாயியின் வண்டிக்கு அது ஒத்துவருகிறதா என்பதையும் யாராவது சொல்லித் தர வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோலில் தண்ணீர் சந்தேகம் இருந்தால் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்கலாம். அடியில் தனியாக ஒரு அடுக்கு தங்கினால் விஷயம் முடிந்தது. வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், டேப்பை மூடிவிட்டு வண்டி தானாக அணையும் வரை ஓடவிட்டால் கிண்ணம் காலியாகிவிடும், பிசின் பிடிக்காது.

மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெள்ளிமலைப் பக்கத்து வண்டிகள் பெரிய வேலைக்குக் கீழே இறங்கித்தான் வர வேண்டும். அடிவாரத்துக் கடையில், மத்தியான வெயிலில், கனமான காற்றில் டியூனிங் நடக்கிறது. வண்டி தூங்கப் போவதோ இரண்டாயிரம், மூவாயிரம் அடி மேலே, குளிரில், மெலிந்த காற்றில். மெலிந்த காற்று கலவையைக் கொஞ்சம் கொழுப்பாக்கும், குளிர் மெலிதாக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அங்கே போய்க் காலையில் உதைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான், அதற்குத்தான் யாரும் தயாராக இல்லை. வண்டியை முந்தின நாள் சாயங்காலம் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸிலோ நடந்தோ வீட்டுக்குப் போக வேண்டும். மெக்கானிக் காலையில் கடை திறந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், அந்தக் குளிர்ந்த வண்டியை முதல் உதை உதைத்துப் பார்க்க வேண்டும். "ஒரு நாள் வண்டி இல்லாம எப்படி?" என்று வண்டிக்காரர் கேட்பார். தினமும் காலையில் கால்மணி நேரம் உதைக்கிறவர், மாதத்துக்கு ஏழெட்டு மணி நேரத்தைத் தொலைக்கிறார். அதைக் கணக்கில் எழுதினால் இந்தக் கேள்வி வராது. மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. காலையில் உதைத்துப் பார்த்து யோசித்ததற்கு யாரும் காசு தருவதில்லை, சாமான் மாற்றினால்தான் தருகிறார்கள். அதனால்தான் சாமான் மாறுகிறது. பார்த்ததற்கென்று ஒரு நூறு ரூபாயைத் தனியாகக் கொடுக்கிற வழக்கம் வந்தால், பல கார்புரேட்டர்கள் குப்பைக்குப் போகாமல் பிழைக்கும்.

ராத்திரி விட முடியாதவர்கள், கடைக்குப் போகும்போது "காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று மொட்டையாகச் சொல்லாமல் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "தம்பி, சோக் போட்டா நாலாவது உதையில எடுக்குது. சோக்க எடுத்தா பத்து நிமிஷம் நிக்க மாட்டேங்குது. ப்ளக் காஞ்சி இருந்துச்சு. ராத்திரி டேப்ப மூடித்தான் வச்சேன்." இவ்வளவையும் கேட்ட மெக்கானிக்கின் கை ஸ்லோ ஸ்க்ரூவுக்குப் போகாது, நேராக ஜெட்டுக்குப் போகும்.